எட்டாம் பாகத்துக்கு எழுதிய கடிதம்

முடிச்சூரில் என் நண்பனின் வீட்டு ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஹெல்மெட்டால் அவன் முகத்தை உடைத்தேன். இரண்டு தடவை அடித்தேன். முதல் அடியை ஆத்திரத்தில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அவன் கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் போனான். அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அடித்தேன்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அதுவரை யார் மீதும் கை வைத்ததில்லை. பிள்ளைகள் முன்னால் ஸ்கேலைக்கூட ஓங்கியதில்லை. சண்டை எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள். ஒரு வீடியோ கேமுக்காக.

கடலில் மூழ்கிய ஊர்களைத் தேடிப் போகும் ஒரு பெண் சர்வேயரின் கதை அது. ஏழு பாகங்கள் வந்திருந்தன. முதல் பாகத்தில் அவளிடம் ஒரு கயிறும் ஒரு விளக்கும்தான் இருந்தன. சுவரில் கிடக்கும் கோடுகளைப் பார்த்து, தண்ணீர் மட்டத்தைக் கணக்குப் போட்டு, ஒரு கதவைத் திறக்க எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. மூன்றாம் பாகத்தில் கையில் கத்தி கொடுத்தார்கள். ஐந்தாம் பாகத்தில் துப்பாக்கி. ஏழாவது வந்தபோது அவள் ஒரு மதியத்துக்குள் ஒரு கப்பல் ஆட்களையே கொன்றுவிட்டு, தலைமுடியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனாள்.

இதை ஆடுகிற தமிழ் ஆட்கள் அறுபது பேருக்கு மேல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். குழுவை நடத்தியது காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். எங்களில் பலரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள், ஆனால் எல்லோரையும் அதட்டி வைத்திருந்தாள். என் நண்பனைக் குழுவில் சேர்த்தது நான்தான். கல்லூரி நாட்களிலிருந்து பழக்கம். முடிச்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மருத்துவமனையில் எமர்ஜென்சி வார்டு நர்ஸ். அந்த ரோட்டில் அடிபடுகிறவர்களில் பலரை முதலில் தொடுவது அவன் கைதான்.

எட்டாம் பாகத்தில் எல்லாவற்றையும் மாற்றப்போகிறோம் என்று கேம் நிறுவனம் அறிவித்தது. எப்படி மாற்றலாம் என்று ரசிகர் குழுக்கள் குழுவுக்கொரு கடிதம் அனுப்பலாம் என்றும் சொன்னது. அன்றிலிருந்து குழு நாறிப்போனது. அந்தச் சர்வேயரைச் சாகடித்துவிட்டு அவள் மகளைக் கொண்டுவரலாம் என்று ஒருவர் எழுதினார். "எழுதின கைய ஒடைப்பேன்" என்று பதில் வந்தது. தாம்பரத்தில் ஒரு டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து சமாதானம் பேசலாம் என்று போனோம். இஷ்டப்படி எங்கேயும் சுற்றுகிற ஓபன் வேர்ல்டா, பழைய மாதிரியா என்ற பேச்சிலேயே ஒருவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது, இன்னொருவர் முழங்கையில் சூடான டீ கொட்டித் தோல் உரிந்தது. ஒரு ஆள் அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் கேட்டைப் படம் எடுத்து, "நாளைக்கு நேர்ல வரேன்" என்று போட்டான். "வாங்கண்ணா, வாட்ச்மேன் அண்ணாகிட்ட சொல்லி வெக்கிறேன்" என்று எழுதிவிட்டு அவனை நீக்கினாள். பிறகு எனக்கு போன் செய்து அழுதாள்.

கடைசியில் இரண்டு கட்சிதான் மிஞ்சியது. ஒன்று என்னுடையது. துப்பாக்கியை எடுத்துவிடுங்கள், கொலையே வேண்டாம், கயிறும் விளக்கும் போதும். இன்னொன்று அவனுடையது. துப்பாக்கி இருக்கட்டும், ஆனால் சுடப்பட்டவன் உடனே சாகக் கூடாது. அவன் கதற வேண்டும், அம்மாவைக் கூப்பிட வேண்டும், ஆடுகிறவன் அதைத் தாண்டிப் போக முடியக் கூடாது. இதை அவன் எழுதியபோது குழுவில் பலருக்கு அருவருப்பாக இருந்தது. எனக்கும்தான். "உனக்கு ரத்தம் பாத்துப் பாத்து பழகிடுச்சு, அதான் இதுலயும் கேக்குற" என்று எல்லோரும் பார்க்கக் குழுவிலேயே எழுதினேன்.

நேரில் பேசி முடித்துக் கடிதத்தை அனுப்பிவிடலாம் என்று அவன் வீட்டில் கூடினோம். அவன் மனைவி பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பதினோரு பேர் வந்தார்கள். வாசலில் செருப்புக்கே இடம் இல்லாததால் ஹெல்மெட்டை உள்ளே எடுத்துப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

ஒரு மணி நேரம் ஓடியது. என் பக்கத்து வாதங்களை நான் பாடம் நடத்துவதுபோல் ஒன்று, இரண்டு என்று அடுக்கினேன். அவன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் டபுள் டியூட்டி, கண் சிவந்திருந்தது.

"மச்சான், நீ சொல்றது அழகா கீது," என்றான். "ஆனா பொய். சாவே இல்லாத ஊர காட்டுனா பொய். இப்ப கீறதும் பொய். சுட்டா ஒரே செகண்ட்ல உழுந்து அமைதியா பூடுறான். யார்றா அப்டி சாவுறா? பத்து வருஷமா பாக்குறேன். ஒருத்தன காட்டு."

"ஏன், என் தம்பி போகலையா?" என்றேன்.

அங்கிருந்த பலருக்கு அது தெரியும். ஆறு வருடம் முன்பு, ஒரு காலை நேரம், பெருங்களத்தூரில் என் தம்பியின் பைக் மேல் லாரி ஏறியது. கொண்டுபோனது இவன் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு. அன்று டியூட்டியில் இருந்தவனும் இவன்தான். நான் போய்ச் சேர்ந்தபோது உடலைத்தான் பார்த்தேன். வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்படல மச்சான், உடனே பூட்டான்" என்று சொன்னது இவன். ஆறு வருடமாக நான் தூங்கியதெல்லாம் அந்த ஒரு சொல்லை நம்பித்தான். அதையே ஒரு வாதமாக எடுத்து, பதினோரு பேர் முன்னால், ஒரு கேமுக்காக வைத்தேன்.

அவன் முகம் மாறியது. "அத உடு," என்றான்.

"எதுக்கு விடணும்? ஒருத்தன காட்டுன்னு கேட்டல்ல. ஒரு செகண்ட்ல போனான்னு நீதானே சொன்ன?"

"அண்ணா, வேணாம், டாபிக் மாத்தலாம்," என்றாள் அந்தப் பெண்.

"இல்ல, அவன் சொல்லட்டும். சொல்லுடா. நீதானே சொன்ன?"

"பொய்டா," என்றான்.

"எது?"

"நாப்பது நிமிஷம் ஆச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கத்திகினே இருந்தான்."

நான் எழுந்தது நினைவில்லை. ஹெல்மெட்டின் தாடைப்பகுதி என் கைப்பிடியில் இருந்தது. முதல் அடி இடது கன்னத்தில். ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி சத்தம். இரண்டாவது அவன் விரல்களையும் வாயையும் சேர்த்து விழுந்தது. அவன் சுவரோடு சறுக்கி உட்கார்ந்தான். மூன்றாவதற்கு ஓங்கியபோது இரண்டு பேர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தரையில் தள்ளினார்கள். ஒருவர் முழங்கால் என் கழுத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தபோது அவன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. இடது கன்னம் உள்ளே போயிருந்தது. வாயிலிருந்து ரத்தம் கொழகொழவென்று சட்டையில் இறங்கியது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் துண்டால் துடைக்கப் போனார். அவனே சொன்னான்.

"தொடைக்காத. மட்ச்சி அழுத்து. கன்னத்துல இல்ல, வாயில." துப்பினான். "பல்லு கீழ கீதா பாரு. வேர் பக்கம் தொடாத. பால்ல போடு."

அந்தப் பெண் நாற்காலிகளுக்கடியில் தவழ்ந்து ஒரு பல்லைக் கண்டுபிடித்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த பால் பாக்கெட்டைக் கடித்துக் கிழித்து ஒரு டம்ளரில் ஊற்றி அதற்குள் போட்டாள். பால் பாதி தரையில் போனது. இன்னொரு பல் கிடைக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவருடைய காரில் கிளம்பினோம். நானும் ஏறினேன். ஏன் என்னை ஏற விட்டார்கள் என்று இன்றும் தெரியவில்லை. முன் சீட்டில் நான், பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் அவன். முடிச்சூர் ரோட்டில் கார் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவன் "அம்மா" என்றான். முதலில் சத்தமாக. பிறகு ஒரே சீராக, மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும். சிக்னலில் நின்றோம். பக்கத்து பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா காதில் ஹெட்செட்டோடு எங்களைப் பார்த்தபடி இருந்தார். நான் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தேன். ஆனால் கைகளில் அவன் ரத்தம் இருந்தது. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

அவன் வேலை பார்க்கும் அதே எமர்ஜென்சி. டியூட்டி டாக்டர் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, எப்படி ஆனது என்று கேட்டார்.

"பைக்லேந்து உழுந்துட்டேன் சார்," என்றான், பாதி வாயால்.

எனக்காக அந்த இடத்தில் அவன் சொன்ன இரண்டாவது பொய் அது.

"இல்ல டாக்டர், நான்தான் அடிச்சேன்," என்றேன். டாக்டர் என் சட்டையைப் பார்த்தார். பிறகு போலீசுக்குத் தகவல் சொல்லச் சொன்னார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "வாத்தியார்ன்றீங்க. எதுக்கு சார் அடிச்சீங்க?"

"ஒரு கேம் விஷயத்துல, சார்."

"சூதாட்டமா?"

"இல்ல சார், வீடியோ கேம். அடுத்த பாகம் எப்படி வரணும்னு..."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த ஏட்டும் சிரித்தார். பிறகு மருத்துவமனையிலிருந்து வந்த தாளைப் படித்து நிறுத்திக்கொண்டார். கன்ன எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. விரலில் ஒரு முறிவு. ஜெயிலுக்குப் போக வேண்டி வரலாம் என்று அவர் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. அப்படி நடந்தால் சரியாக இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் அவன் புகார் கொடுக்க மறுத்துவிட்டான். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அந்த ஹாலில் யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். கேமில் வன்முறையே கூடாது என்று வாதாடியவர் ஹெல்மெட்டைச் சுழற்றுவதை யார் பார்த்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். என் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் வாய் பொத்திய சிரிப்பு கேட்கும். தலைமையாசிரியை மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கடிதத்தை அந்தப் பெண் அனுப்பிவிட்டாள். எங்கள் இருவரையும் கேட்கவில்லை. இரண்டு கட்சியின் கருத்தையும் எழுதி, "எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை" என்று முடித்திருந்தாள். எட்டாம் பாகம் வந்தபோது துப்பாக்கி அப்படியே இருந்தது. சுடப்பட்டவர்கள் அப்படியே சத்தமில்லாமல் விழுந்தார்கள்.

ஆனால் அதற்கு வெகு முன்பே, அடித்து ஐந்து வாரம் கழித்து, நான் முடிச்சூருக்குப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். கன்னத்துக்குள் பிளேட் வைத்துத் தைத்திருந்தார்கள். மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். "சரி, உக்காரு," என்றான்.

"அந்த நாப்பது நிமிஷத்த எனக்குச் சொல்லு," என்றேன்.

"வேணாம் மச்சான்."

"சொல்லு. நான் எதுவும் பண்ண மாட்டேன்."

சொன்னான். தம்பி முதலில் லாரிக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறான். தண்ணீர் கேட்டிருக்கிறான். கொடுக்கக் கூடாது என்பதால் இவன் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தானாம். தம்பி அதைக் கடித்து உறிஞ்சியிருக்கிறான். வலி தாங்காமல் இவன் மணிக்கட்டைக் கடித்திருக்கிறான். காட்டினான். சின்ன அரைவட்டத் தழும்பு. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை.

"உன்ன கூப்ட சொன்னான்," என்றான். "கூப்ட்டேன். நாலு வாட்டி."

அந்த நான்கு மிஸ்டு கால் எனக்குத் தெரியும். அன்று பள்ளியில் பரீட்சை. போனை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு ஹாலில் மேற்பார்வைக்கு நின்றேன். இறந்த பிறகு தகவல் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலை நேரத்தில் சேலையூரிலிருந்து அந்த மருத்துவமனைக்கு இருபது நிமிடம்.

"இத நீ தாங்க மாட்டன்னுதான் அப்டி சொன்னேன்," என்றான்.

அவன் மனைவி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல், இரண்டு டம்ளர் காபி வைத்துவிட்டுப் போனாள். அவனால் வலது பக்க வாயால்தான் குடிக்க முடிந்தது. கொஞ்சம் தாடையில் வழிந்தது. துடைத்துக்கொண்டான்.

தம்பியின் திவசத்துக்கு இப்போதும் வருகிறான். போன மாதமும் வந்தான். பந்தி முடிந்ததும் அம்மா அவன் கன்னத்தைத் தடவி, "எங்க அடிபட்டுது, இவ்ளோ பெரிய தழும்பு?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"நான் அடிச்சதும்மா," என்றேன்.

அம்மா நம்பவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவனுக்கு இன்னொரு வடை வைத்தார். எதற்காக அடித்தேன் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.