காலியாக விட்ட கட்டம்

ஆந்திர எல்லையில், மண்டல ஆபீசுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மிஷின் பேருக்குத்தான், என் பிழைப்பு விண்ணப்ப பாரம் எழுதுவது. எங்கள் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் தெலுங்கில் சண்டை போடுவார்கள், சந்தையில் பேரம் பேசுவார்கள், எழுதச் சொன்னால் மட்டும் என்னைத் தேடி வருவார்கள். ரேஷன் கார்டு, பட்டா, பென்ஷன் எல்லாம் நான் எழுதித்தான் ஆபீசுக்குள் போகும். எழுதியதை யாரும் வாங்கிப் படித்துப் பார்த்ததில்லை. நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

போன பஞ்சாயத்து எலக்ஷனின்போது எங்களுக்கு ஜில்லா இன்னும் சித்தூர்தான். திருப்பதி ஆனது அதற்கப்புறம். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஏரிக்கரைத் தெரு அக்கா ஒருத்தி மெம்பருக்கு நிற்கிறேன் என்று வந்தாள். புருஷன் இல்லாதவள். ஸ்ரீசிட்டியில் ஏதோ ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. குழாய்த் தண்ணீர் என் வீட்டு முனையோடு நின்றுவிடும், அவள் தெருவுக்குப் போகாது. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் முன்னால் என் வீட்டு முனைக்கு வந்து நாலு குடம் சுமந்துகொண்டு போவாள்.

"மெம்பராயிட்டா அந்த பைப்ப எங்க தெரு வரைக்கும் இழுத்துடுவேன் நைனா. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு" என்றாள்.

ஊரில் பெரிய கை ஒருவர் இருந்தார். அந்த வார்டு தன் மருமகளுக்கு என்று அவர் முடிவு செய்திருந்தார். போட்டியில்லாமல் ஜெயித்தால் எங்கள் பக்கம் 'ஏகக்ரீவம்' என்பார்கள். ஊருக்குச் சர்க்கார் நிதி வரும், பெரிய மனுஷனுக்கு மீசையை முறுக்கிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். என் கடை இருந்த இடம் அவருடையது. ஒரு மத்தியானம் உள்ளே வந்து என் தோளில் கை போட்டார்.

"அந்தம்மாகிட்ட நான் போயி நிக்காதன்னு சொன்னா நல்லாருக்காதுப்பா. பாரம் நீதான எழுதற? எழுதறப்போ ஒரு தப்பு வர்றது சகஜம்தான?"

பயந்துபோய்ச் செய்தேன் என்றால் பாதிதான் உண்மை. அவர் கை என் தோளில் கிடந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் உண்மைதான். வெட்கங்கெட்டவன் நான்.

கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரம். ஆபீசில் கூட்டம் முட்டிமோதியது. அக்கா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், தலைக்குக் குளித்து, பட்டுப் போல மடிப்புக் கலையாத புடவை கட்டிக்கொண்டு. அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டியவன் அவளுடைய கொழுந்தன். கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. கடையை மொய்த்த கூட்டத்தில் அவளுக்கு அந்த பெஞ்ச் தெரியவில்லை, கையெழுத்தெல்லாம் நான் வாங்கிவிடுவேன் என்று இருந்தாள். அவள் கையெழுத்தை மட்டும் வாங்கினேன். முன்மொழிகிறவர் கட்டத்தை அப்படியே காலியாக விட்டு, மேலே வேறொரு தாளை வைத்துப் பின் அடித்துக் கொடுத்தேன். "ஓடு அக்கா, டைம் ஆயிடுச்சி" என்று நானேதான் விரட்டினேன்.

மறுநாள் பரிசீலனையில் பாரத்தைத் தள்ளிவிட்டார்கள். அவள் ஆபீசிலிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். கொழுந்தனும் பின்னாலேயே வந்தான்.

"இன்னாடா, கையெழுத்து போடாம எங்க போன? டீ குடிக்கப் போயிட்டியா?"

"அய்யோ அண்ணி, நான் அந்த பெஞ்சிலதான் குந்திக்கினு இருந்தேன். என்னிய யாரும் கூப்புடவே இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு நைனா. கூப்ட்டியா, இல்லியா?"

"கூப்பிட்டேன் அக்கா" என்றேன்.

கொழுந்தன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பாரம் எழுதுகிறவன் பொய் சொல்வான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. அவன் மகள் கல்யாணத்துக்கு இவள் போகவில்லை. பெரியவர் மருமகள் போட்டியில்லாமல் மெம்பர் ஆனாள். குழாய் என் வீட்டு முனையிலேயே நிற்கிறது. விடியற்காலையில் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

என் தங்கச்சி கனடாவில் ஒரு சின்ன டவுனில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் எப்போதும் அதே புலம்பல்தான்: பொழுது சாய்ந்தால் அவள் பக்கம் பஸ் கிடையாது, பனி கொட்டினால் பெரிய ரோட்டை மட்டும் வாரிவிட்டு இவள் தெருவை மறந்துவிடுகிறார்கள். பேசிப் பேசி அலுத்துப்போய், சமீபத்தில் அவளே டவுன் கவுன்சிலுக்கு நின்றாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்டாள். தோற்றுப்போனாள். ஜெயித்தவர் மறுநாள் மளிகைக் கடையில் இவளைப் பார்த்து, பஸ் விஷயத்தை உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் பேச்சை மாற்றி, அங்கே பனி நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் பேர் எழுதிய அட்டையோடு நின்ற போட்டோவைக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். ஆதார் ஜெராக்ஸுக்கு வந்த அக்காவும் போனை வாங்கிப் பார்த்தாள்.

"தோத்துட்டாளா? போனா போவுது. இத்தினி பேரு எனக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சிக்கினா இல்ல? எனக்கு அதுகூட தெரியாம பூட்ச்சே." போனைத் திருப்பித் தந்தாள். "மறுபடியும் எலக்ஷன் வருதாமே. நான் நிக்கறேன் நைனா. இந்த தபா அவன் வாணாம். நீயும் எங்க வார்டுதான? நீயே முன்மொழிஞ்சி கையெழுத்து போட்டுடு."

நான் மிஷினை நிறுத்தினேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அவன் எங்கயும் போவல. பெஞ்சிலதான் இருந்தான். நான்தான் கூப்பிடல. வேணும்னேதான் அந்தக் கட்டத்த காலியா வுட்டேன்."

 அவள் சிரித்தாள்.

"அவன் வந்து உங்கிட்ட அழுதானா? எங்களச் சேத்து வைக்கறதுக்கு நீ பழிய உன் தலைல போட்டுக்கறியா? உன் மனசு எனக்குத் தெரியாதா நைனா? போ, போ."

ஜெராக்ஸை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினாள். கூப்பிட்டு நிறுத்தி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். பெரியவர் என் தோளில் கை போட்டுச் சொன்னதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் சொல்லவில்லை. அவள் நம்பவில்லை என்றதும் அப்பாடா என்று இருந்தது எனக்கு.