யுக்சிம் மென்று விழுங்கியது

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற வேலை யுக்சிமுக்கு. ரத்தம், சீழ், வாந்தி, மலம் எது ஒட்டியிருந்தாலும் கையுறைக் கையால் உதறி, வெள்ளையை வெள்ளையோடும் பச்சையைப் பச்சையோடும் போட்டுவிடுவாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் சோறு இறங்காது. யுக்சிம் பதினாலு வருடத்தில் ஒரு நாள்கூடக் குமட்டியதில்லை. மதியம் கூடத்து வாசலிலேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் புருஷன் ஹோய்சுன் சாப்பிடுவதைப் பார்த்தால் குமட்டும்.

ஹோய்சுன் முப்பது வருடம் மினிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஃபான்லிங்கில் அரசு அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடி வீடு. மகன் கல்யாணமாகித் தனியாகப் போன பிறகு ஹோய்சுனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு வேலை இல்லை. ஹாங்காங்கில் விலை ஏற ஏற, பாதி ஊர் சனிக்கிழமையானால் எல்லை தாண்டிச் சீனப் பக்கத்து ஷென்சென் போக ஆரம்பித்தது. பல் பிடுங்க, முடி வெட்ட, கால் பிடித்துவிட, வயிறு முட்டத் தின்ன எல்லாவற்றுக்கும் ஷென்சென். ஹோய்சுனும் நண்பர்களோடு போய்வந்து, எந்தக் கடையில் எதற்குத் தள்ளுபடி என்று கைபேசியைத் தேய்த்துக்கொண்டே இருப்பான்.

யுக்சிம் மட்டும் போகமாட்டாள். அவள் அந்தப் பக்கத்துக்காரி. ஹுய்சோவுக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து இருபத்துநாலு வயதில் இவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். பெண் பார்க்க வந்தபோது ஹோய்சுன் இரவல் வாங்கிய தங்க நிறக் கடிகாரத்தோடு வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு, ஷென்சென் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்த குற்றத்துக்காக, மாமியார் அவளை அக்கரைக்காரி என்றுதான் கடைசி வரை கூப்பிட்டாள். அவள் சாப்பிடுகிற குச்சிகளைத் தனி டம்ளரில் போட்டு வைப்பாள். ஹோய்சுன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

அந்த அக்டோபரில் நச்சரித்து நச்சரித்து அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டான்.

"ரெண்டு பேர் போனாத்தான் அந்தச் சாப்பாட்டுக் கூப்பன் செல்லும். எப்பவும் கூட வர்ற குண்டு லாமுக்கு மூட்டு வலியாம். நீ வா."

"கூப்பனுக்குத்தான் நானா?"

"உனக்கென்ன கசக்குதா? உன் ஊருக்குத்தானே கூட்டிட்டுப் போறேன்."

காலை எட்டரைக்கு ரயில். பெட்டி முழுக்க இவர்களைப் போலவே காலிச் சூட்கேஸும் மடக்கு வண்டியுமாக ஜனம். ஹோய்சுனின் சூட்கேஸில் போன தடவை கொண்டுவந்த வறுத்த கோழியின் கொழுப்பு கசிந்து உறைந்திருந்தது. திறந்தால் பழைய எண்ணெய் நாற்றம் முகத்தில் அடித்தது. அவள் துடைக்க எடுத்தபோது, "விடு, மறுபடியும் ஊறத்தானே போவுது" என்று மூடிவிட்டான்.

எல்லை தாண்டியதும் முதலில் ஒரு பெரிய மொத்த விலைக் கடைக்குப் போனார்கள். அங்கே ருசி பார்க்கச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் வைத்து நீட்டுவார்கள். ஹோய்சுன் மாட்டிறைச்சித் துண்டை வாங்கித் தின்றான். தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி வாங்கினான். மூன்றாவது தடவை யுக்சிமின் கழுத்துத் துணியைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டு போனான். பரிமாறிய பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை வைத்தாள். அவனோ விரல்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிவிட்டு, அதே விரலால் அடுத்த தட்டில் இருந்த கேக்கை அமுக்கிப் பார்த்தான்.

"அதைத்தான் வாங்கப் போறியா?" என்றாள் யுக்சிம்.

"இல்ல. மெத்துனு இருக்கானு பார்த்தேன்."

அமுக்கிய குழியோடு அது அங்கேயே இருந்தது. யாரோ வாங்கிக்கொண்டு போவார்கள்.

அடுத்து கால் பிடித்துவிடும் கடை. ஹோய்சுன் செருப்பைக் கழற்றியதும் அந்த அறையே நாறியது. கால் பிடித்துவிட உட்கார்ந்தவள் நாற்பது வயதுப் பெண். மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தாள். ஹோய்சுன் கண்ணை மூடிக்கொண்டே, "அக்கரைக்காரிங்க கை பலமே தனி. வயல்ல வேலை செஞ்ச கை. எனக்கு வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றான். அந்தப் பெண் நிமிர்ந்து யுக்சிமைப் பார்த்தாள். யுக்சிம் தன் கால்களை வெந்நீரிலிருந்து எடுத்துத் தானே துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

அப்போதே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்தாள்.

மாலை நாலரைக்குக் கூப்பன் கடை. மாட்டிறைச்சியை மேசையிலேயே கொதிக்கிற குழம்புப் பானையில் முக்கிச் சாப்பிடுகிற இடம். இவர்களுக்குப் பரிமாற வந்தவள் இருபது வயது இருக்கும் ஒரு பெண். சட்டையில் "ஷாவ் தாங்" என்று பெயர் குத்தியிருந்தது. நெற்றியில் வியர்வை, பேச்சில் ஹூனான் மாகாணத்து வாடை. ஒவ்வொரு தட்டையும் இரண்டு கையால் வைத்தாள்.

ஹோய்சுன் சாப்பிட்டான். வெந்ததும் வேகாததுமாக இறைச்சியைப் பானையிலிருந்து வாரி வாயில் திணித்தான். சூடு தாங்காமல் திரும்பக் கிண்ணத்தில் துப்பினான். ஊதிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். வாயில் வைத்த குச்சிகளாலேயே பானையைக் கலக்கினான். நரம்புத் துண்டுகளைச் சவைத்து மேசைமேல் வரிசையாகத் துப்பி வைத்தான். யுக்சிம் பானைப் பக்கமே குச்சியைக் கொண்டுபோகவில்லை. வெறும் சோற்றில் ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டாள்.

ஒன்பதாவது தட்டும் காலியானதும் ஹோய்சுன் சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தான். மூடியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினான். செத்த கரப்பான்பூச்சி. ஒரு பக்க இறக்கை பிய்ந்திருந்தது. யுக்சிமுக்கு உடனே தெரிந்துவிட்டது. வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் பூச்சி பிடிக்க அவள் வைத்திருந்த பசை அட்டையிலிருந்து பிய்த்து எடுத்தது அது.

"என்ன பண்ற?"

"உஷ். குண்டு லாம் போன மாசம் இப்படித்தான் பண்ணான். சாப்பாடும் ஃப்ரீ, மேல கூப்பனும் கொடுத்தாங்க. நீ சும்மா மூஞ்சியை அருவருப்பா வெச்சுக்கோ போதும்."

அதற்கு அவள் தனியாக முயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை. தடுக்கக் கை நீட்டுவதற்குள் பூச்சி பானையில் விழுந்து, ஒரு முறை அமிழ்ந்து, கொழுப்போடு மேலே வந்து மிதந்தது.

ஹோய்சுன் மேசையைத் தட்டினான். அந்த ஊர் பேசும் மாண்டரினில் தனக்குத் தெரிந்த அரைகுறையில் கத்தினான். பக்கத்து மேசைக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்தார்கள். ஷாவ் தாங் ஓடி வந்து பானையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

மேலாளர் வந்தான். முப்பது வயதுக்காரன், சலவைச் சட்டை, ஹாங்காங்காரர்களின் கேண்டனீஸ் நன்றாகப் பேசினான்.

"மன்னிச்சுக்கோங்க சார். இது யார் மேசை?" என்று திரும்பினான்.

"என்னுதுதான்," என்றாள் ஷாவ் தாங். "நான் ஊத்தும்போது குழம்புல ஒண்ணும் இல்ல. சத்தியமா இல்ல."

"அப்ப நான் என்ன வீட்லேர்ந்தா கொண்டு வந்தேன்?" என்றான் ஹோய்சுன். "இந்தப் பொண்ணை முதல்ல வேலையை விட்டுத் தூக்கு. அப்புறம் பேசலாம்."

மேலாளர் குரலை உயர்த்தவில்லை. "சார், மேல கேமரா இருக்கு. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு வரேன். எங்க தப்புன்னா இந்தப் பொண்ணு நாளையிலேர்ந்து வரமாட்டா. தப்பு வேற எங்கயாவது இருந்தா போலீஸ் பார்த்துக்கும்."

ஹோய்சுனின் கை பாதியில் நின்றது. உதட்டில் எண்ணெய் மின்ன, அவன் யுக்சிமைப் பார்த்தான். முப்பது வருடத்தில் அவளிடம் ஒன்று கேட்கிற மாதிரி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

யுக்சிம் ஷாவ் தாங்கைப் பார்த்தாள். ஏப்ரனை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். யுக்சிம் ஜல்லிக் கரண்டியை எடுத்து, பூச்சியை அள்ளித் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது கரப்பான் இல்ல," என்றாள். "நீர்வண்டு. எங்க ஊர்ல உப்புல வேக வெச்சுத் திம்போம். சந்தையில வாங்கிப் பையில வெச்சிருந்தேன். கை தவறி விழுந்துடுச்சு. இவருக்குக் கண்ணு சரியாத் தெரியல."

சொல்லிவிட்டு அதைக் குச்சியால் எடுத்து வாயில் போட்டாள்.

முதலில் குழம்பின் கொழுப்பு ருசி வந்தது. பிறகு ஓடு உடைந்து உள்ளே இருந்தது வெளியே வந்தது. கால்கள் நாக்கில் கீறின. அட்டைப் பசை பல்லில் ஒட்டியது. முழுசாக விழுங்கினால் தொண்டையில் நிற்கும் என்று தெரிந்து மென்றாள். சின்ன வயதில் தின்ற நீர்வண்டை நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அது வரவில்லை. அவளுக்குத் தெரிந்தது தன் வீட்டுத் தொட்டியடியும் அங்கே தேங்கி நிற்கும் தண்ணீரும்தான். விழுங்கினாள்.

மேலாளர் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். "அம்மாவுக்கு வெந்நீர் கொடு," என்றான்.

ஷாவ் தாங் டம்ளரைக் கொண்டு வந்தாள். இந்த முறை இரண்டு கையால் வைக்கவில்லை. ஒற்றை விரலால் மேசை ஓரத்திலிருந்து தள்ளிவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள். அவள் கண்ணில் இருந்ததை யுக்சிம் அறிவாள். மாமியார் குச்சிகளைத் தனி டம்ளரில் போடும்போது அந்தக் கண்ணில் இருந்ததும் அதுதான்.

கழிப்பறையில் அவள் இரண்டு விரலைத் தொண்டையில் விட்டாள். சோறு வந்தது, ஊறுகாய் வந்தது. அது மட்டும் வரவில்லை.

வெளியே ஹோய்சுன் சூட்கேஸோடு சிரித்தபடி நின்றான்.

"உன் மூளைக்கு ஒரு கும்பிடு. நான் பயந்தே போயிட்டேன். ஆனா கூப்பன் போச்சு. நீ கொஞ்சம் அழுது நடிச்சிருந்தாக்கூடப் போதும், தின்னிருக்க வேணாம். இந்தா, பப்பிள்கம்."

அவள் ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, தேநீர்க் கடையில் நண்பர்கள் கூடியபோது ஹோய்சுன் இந்தக் கதையைச் சொன்னான். மருந்துக் குப்பி அதில் இல்லை. கடைக்காரன் அசிங்கம் பிடித்தவன், பூச்சி தானாகக் கிடந்தது, இவள்தான் ஆசைப்பட்டு எடுத்துத் தின்றாள் என்று போயிற்று கதை.

"அக்கரைக்காரி ஆச்சே. பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். லாமின் மனைவி, "நிஜமாவா அண்ணி? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே தன் தட்டை யுக்சிமின் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள். யுக்சிம் பதில் சொல்லாமல் எழுந்து போனாள். ஒருவருக்காவது நடந்தது தெரிய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அந்த ஒருவர் ஷாவ் தாங்காக இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை அவளுக்கு வேலை விடுமுறை. தனியாகவே எல்லை தாண்டினாள். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். ஷாவ் தாங் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். யுக்சிமைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, துணியோடு நின்றுவிட்டாள்.

"நான் சாப்பிட வரலை," என்றாள் யுக்சிம். "அன்னைக்கு அது நீர்வண்டு இல்ல. கரப்பான்தான். என் புருஷன்தான் போட்டான். உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான் நான் தின்னேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும் ஆன்ட்டி," என்றாள் ஷாவ் தாங். "நீங்க போனதும் மேனேஜர் கேமராவைப் போட்டார். பாட்டிலைத் திறந்து தட்டுனது வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சுது. சமையக்கட்டுல எல்லாரும் பார்த்தோம். ரெண்டு தடவை."

யுக்சிம் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என் வேலை போயிருக்காது," என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். குரலில் கோபம் இல்லை. "ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தீங்கன்னா போலீஸ் வந்து அந்த ஆளைக் கூட்டிட்டுப் போயிருக்கும். பூச்சி உங்க வயித்துக்குள்ள போனப்புறம் மேனேஜர், விட்டுத் தொலைங்கன்னு சொல்லிட்டார். நீங்க என்னையா காப்பாத்துனீங்க? உங்க புருஷனைத்தான்."

"தெரியாமப் பண்ணிட்டேன்."

"கேமரான்னு மேனேஜர் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சே, ஆன்ட்டி."

கேட்டிருந்தது. ஷாவ் தாங் துணியை மேசையில் வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணம் வெறும் கஞ்சியைக் கொண்டு வந்து, இரண்டு கையால் வைத்தாள். யுக்சிம் கரண்டியை எடுத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனால் இந்த முறை அது பூச்சியால் அல்ல. முப்பது வருடமாக ஹோய்சுன் துப்பியதைத் துடைத்து, அவன் பேசியதைப் பொறுத்து, கடைசியில் அவன் போட்டதையும் தின்ற தன்னை நினைத்துத்தான் குமட்டியது.

வீட்டுக்கு வந்தபோது ஹோய்சுன் சோபாவில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போயிட்டு வர்ற? என்ன வாங்கிட்டு வந்த?"

"அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கேமராவுல விழுந்த உன் படம் அவங்ககிட்ட இருக்கு. பாட்டில், கை, மூஞ்சி எல்லாம். இன்னொரு தடவை அந்தப் பக்கம் போனா உன் இஷ்டம். என்னைக் கூப்பிடாதே."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "போலீஸ்ல கொடுத்துட்டாங்களா?"

"தெரியாது. கொடுத்தா நான் போய், ஆமா, இவன்தான் போட்டான்னு சொல்லுவேன்."

அதன் பிறகு ஹோய்சுன் எல்லை தாண்டவில்லை. நண்பர்களிடம் மூட்டு வலி என்று சொல்லிவிட்டான். யுக்சிம் மகன் இருந்த அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டு, சின்னதாக ஒரு சோற்றுப் பானை வாங்கித் தனக்கு மட்டும் வடித்துக்கொள்கிறாள். அவனுக்குச் சமைப்பதில்லை. அவன் கீழே கடையில் வாங்கி வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் உறிஞ்சியும் துப்பியும் தின்கிற சத்தம் கேட்டால், எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.