சேசம்மாள் வீட்டு ஜன்னல்

தாராவியில் சேசம்மாள் பயந்து யாரும் பார்த்ததில்லை. சாத்தான்குளத்துக்காரி. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு வருஷம் ஆயாவாக இருந்து, நர்ஸம்மாக்கள் செய்ததையெல்லாம் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் தன் ஒற்றை அறையிலேயே பிரசவம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். "என் கைக்கு வந்த பிள்ள அழாமப் போவாது" என்று தெருவில் நின்று சொல்லுவாள். வாய்க்கொழுப்பு என்று முணுமுணுத்தவர்களும் வலி கண்டால் அவளிடம்தான் ஓடினார்கள்.

முருகம்மாள் மட்டும் வரமாட்டேன் என்றாள். தோல் கிடங்கில் வேலை பார்த்த சொரிமுத்துவின் மனைவி, ஒன்பது மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை அவள் வீட்டிலேயே, கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, சிமினி விளக்கில் பிறந்து, மூச்சு விடாமலே போய்விட்டது. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமானால் கண் தெரிகிற வெளிச்சம் வேண்டும் என்று சேசம்மாள் அடித்துச் சொன்னாள்.

"ஒங்க ஜன்னலுக்கு நேரா தண்ணி பைப்படி. எப்பவும் நாலு ஆம்பளைய நிக்காவ. அங்க வந்து நான் கெடக்கவா? செத்தாலும் மாட்டேன்க்கா."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்தச் சந்துக்குக் கரண்டு வரவில்லை. அறைக்கு இருந்ததோ அந்த ஒரே ஜன்னல்.

சேசம்மாள் முதலில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டாள். பட்டப்பகலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கழற்றி எறிந்துவிட்டு, மைதாப் பசை காய்ச்சி, கண்ணாடி முழுக்கத் தமிழ்ப் பேப்பரை ஒட்டினாள். வெளிச்சம் வந்தது. கூட்டமும் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு நாள் கழித்து வரும் பேப்பர், ஓசியில் கிடைத்தால் விடுவார்களா? படிக்கத் தெரிந்த ஹமீது கண்ணாடியில் மூக்கை ஒட்டி ஒரு கொலை வழக்கை உரக்கப் படிக்க, குடத்தை வைத்துவிட்டுப் பத்துப் பேர் கேட்டார்கள். பிறகு கதவைத் தட்டினான்.

"யக்கா, மிச்சம் ஏழாம் பக்கத்துலயாம். அதையும் ஒட்டிருங்களேன்."

"ஒன் மூஞ்சியில ஒட்டுதேன், போடா!" என்று விரட்டிவிட்டு, கத்தியால் சுரண்டும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவதாக, புருஷன் மரியசூசையின் மெல்லிய வெள்ளை வேட்டி. காற்றில் தூக்காமல் இருக்க, மேலும் கீழும் கயிறு கோத்துக் கம்பியில் இழுத்துக் கட்டினாள். அவரை உள்ளே நிற்கவிட்டு, தான் பைப்படியிலிருந்து பார்த்தாள். வெயிலில் வேட்டியின் வெள்ளைதான் தெரிந்தது, அவர் தெரியவில்லை. உள்ளேயோ அரிசியில் கல் பொறுக்கலாம். சாயங்காலம் விளக்கேற்றியதும் கதை மாறியது. மரியசூசை முதுகு சொறிவது நிழலாய்த் தெருவுக்கே தெரிந்தது. சரி, பகலுக்கு வேட்டி, ராத்திரிக்கு அதன்மேல் கம்பளி என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலை முருகம்மாளை இழுத்து வந்து பைப்படியில் நிறுத்தினாள். "நான் உள்ள என்ன செய்யுதேன்னு பாத்துச் சொல்லு."

உள்ளே போகும்போது சேசம்மாள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். திரும்பி வரும்போது ஊதாச் சேலை.

"எட்டீ, எதாச்சும் தெரிஞ்சுதா?"

முருகம்மாள் சேலையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வரிசையில் நின்ற ஆண்களைப் பார்த்தாள். "யாத்தே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவளே நடந்து வந்தாள். மத்தியானம் தலை வெளியே வந்தபோது, கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பது அந்த வெள்ளை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. சேசம்மாள் பதறவில்லை. விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றைத் தளர்த்தினாள், மறு சுற்றையும் தலைவழியே எடுத்தாள். பிள்ளை அழுத அழுகையில் பைப்படிச் சண்டையே நின்றுபோனது.

முருகம்மாள் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். "யாரும் பாத்தாவளாக்கா?"

சேசம்மாள் பிள்ளையைத் துடைத்து அவள் மார்பில் போட்டாள்.

"நான் பாத்தேம்டி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.