காவற்காரர் நின்ற நிலை

திருவொற்றியூரில் நான் கணக்கு எழுதிவந்த எண்ணெய் ஆலையின் வாசலில் துப்பாக்கியுடன் ஒரு காவற்காரர் இருந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பியவர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி, இடக் காது மந்தம். எல்லோருக்கும் அவர் பாய்தான்.

தினமும் காலையில் ஆட்கள் வருமுன், குண்டு போடாத துப்பாக்கியோடு சுவரைப் பார்த்து நின்று பழகுவார். இடது காலை முன்வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, உடம்பை முன்பக்கம் சாய்ப்பார். துப்பாக்கியின் அடிக்கட்டை தோள்குழியில் பதியும். கன்னம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். "பின்னால சாஞ்சா ஒதைச்சுத் தள்ளிடும் நைனா" என்பார் என்னைக் கண்டால்.

ஒருநாள் இயந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளி இறந்துபோனான். மறுநாள் ஆட்கள் உள்ளே போகாமல் வாசலை அடைத்து நின்றார்கள். இறந்தவன் மனைவியும் முன்னால் நின்றாள். மாடியிலிருந்து இறங்கி வந்த, ஆலையை நடத்திய துரை, "சுடு!" என்று கத்தினார்.

பாய் குண்டைப் போட்டு, காலை முன்வைத்து, குறி பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்தபோது அவர் நிமிர்ந்து நின்று குண்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியைத் துரையின் முன்னால் தரையில் வைத்தார்.

"என்னால முடியாது தொரை."

அன்றே வேலை போயிற்று. துணிமூட்டையோடு கிளம்பியவருடன் தெருமுனைவரை போனேன்.

"காலு நடுங்கிச்சா பாய்?"

"இல்ல நைனா. அவ்ளோ சரியா நான் என்னிக்கும் நின்னதில்ல. சுட்டா தப்பாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் பயந்துட்டேன்."

தண்டையார்ப்பேட்டைப் பக்கமாக நடந்து போனார். அதைப் பயம் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.