என் பெயருக்கு வந்த அச்சுகள்

நான் மன்னார் நகரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். நான் குடியிருக்கும் தோட்டவெளிக் கிராமத்தில் எங்கள் அயலவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. அதனால் வெளிநாட்டுப் பொதிகளுக்கு என் பெயரையும் கடை முகவரியையும் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு அன்ரன் அண்ணாவும் கொடுத்திருந்தார்.

அவருடைய பொதியை எடுக்கப் போனபோது, தபால் கந்தோரில் அதைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

“மெஷின் சாமான் எண்டு எழுதிக் கிடக்கு. என்ன பிள்ளை இது?” என்று அதிகாரி கேட்டார்.

உள்ளே இரும்பு அச்சுகள். நான் தினமும் கொடுக்கும் காய்ச்சல் குளிசையின் பெயர் அவற்றில் இடவலம் மாறி வெட்டப்பட்டிருந்தது. மருந்துத் தூளை அழுத்திப் போலிக் குளிசை அடிப்பதற்கானவை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டால் என் மருந்தாளர் அனுமதிப்பத்திரம் போகும், மறியலில் அடைபடவும் நேரலாம்.

“இது என்ர இல்லை, ஐயா. ஆர் என்ர பேரைக் குடுத்ததெண்டு எழுதித் தாறன்,” என்றேன்.

இப்போது பொதிக்கு என் பெயரைக் கேட்பவர்களிடம், “உங்கட பேரையே குடுங்கோ. அடையாள அட்டையோட தபால் கந்தோருக்கு நீங்களே வாங்கோ, நானும் கூட வாறன்,” என்கிறேன். போன கிழமை ஒருவர், “அப்ப வேண்டாம், தங்கச்சி,” என்று போய்விட்டார்.