சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய ஒயர்

போன பொங்கலுக்கு முந்தின வாரம். திண்டுக்கல்லில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த என் மாமனாரால் எழுந்து உட்கார முடியாது. மல்லாந்து படுத்தபடி டிவி பார்க்க வேண்டுமென்றால் அதை உயரத்தில் மாட்டினால்தான் உண்டு. டிவி கம்பெனி மெக்கானிக்கோ பண்டிகை நேரம் என்று இன்றைக்கு, நாளைக்கு என இழுத்தடித்தார். கணவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தார். மாமனார் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பதைச் சகிக்காமல், தெரிந்தவரிடம் டிரில்லிங் மெஷினை வாங்கிவந்து நானே இறங்கிவிட்டேன்.

எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தான். பேச்சுதான் இல்லை. குழாயடியில் யார் குடம் முதலில் என்று ஆரம்பித்த சண்டையில், அந்த வீட்டு அக்காவும் நானும் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோம். டிவி மாட்டவிருந்த அந்தச் சுவரில் எங்கள் பக்கம் சுவிட்ச் பெட்டி இல்லை, அதனால் உள்ளே ஒயரும் இருக்காது என்று நானே இன்ஜினீயராகி முடிவு செய்துவிட்டேன்!

கடைசி ஓட்டை. மெஷின் ஆடாமல் இருக்க அதன் முன்பக்க இரும்பு உடம்பை இடது கையால் பிடித்திருந்தேன். வாசலில் அலறல்.

"ஏத்தா, நிப்பாட்டு! அதுக்குள்ள எங்க ஒயரு போகுது!"

பக்கத்து வீட்டு அக்கா! மூச்சு வாங்க நின்றார். அவர்கள் பக்கம் சுவிட்ச் பெட்டிக்கு மேலே பூச்சு உதிர்ந்ததைப் பார்த்ததும், முதலில் தன் வீட்டு மெயினை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். அவர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். ஒயர் போகும் பைப் பிளந்து செம்புக் கம்பி தெரிந்தது. இன்னும் ஒரு நூல் இறங்கியிருந்தால் கரண்ட் அந்த இரும்பு வழியாக என் கைக்கே பாய்ந்திருக்கும். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அதான் ஒண்ணும் ஆகலேல்ல, அழாத" என்று தண்ணீர் கொடுத்தார். எலக்ட்ரீசியனை வரவழைத்து ஒயரையும் அவரே மாற்றச் சொன்னார். சாயங்காலம், "அம்புட்டுப் பெரிய டிவிய ஒத்த ஆளா தூக்கிருவியோ?" என்று திட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கம் பிடித்தார். இடம் மாற்றி, இருவருமாக மாட்டி முடித்தோம். மாமனார் அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

என் மேல் இருந்த கோபத்தில் 'எக்கேடும் கெடட்டும்' என்று அந்த அக்கா ஒரு நிமிடம் தயங்கியிருந்தாலும் என் கதை முடிந்திருக்கும். தயங்காமல் என் வாசல்படி ஏறிய அவருக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் மனசு ஆறவில்லை.