செல்லையன் கட்டிய மரம்

போன வாரம் நெய்யாற்றின்கரைச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் தேன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் வாசனையே இல்லை. மலைத்தேன் என்றால் கொஞ்சம் புகைவாடை இருக்க வேண்டாமா? அந்த வாடையைத் தேடிப் போன மூக்கு என்னைப் பழைய பனச்சமூட்டில் கொண்டு நிறுத்திவிட்டது.

எல்லைப் போராட்டக் காலம். அங்கே ஒரு மலைச்சரக்குக் கடையில் எனக்கு வேலை. முதலாளி இல்லாதபோது தேன் டின்னில் விரல் விடுவதும் அதில் சேரும். ஓர் ஆண்டு சித்திரை முடியப்போகிறது, மல்லன் காணியின் தேன் மட்டும் வரவில்லை. ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே மலையில் குடியிருந்த பழங்குடிக் காணிக்காரர் அவர். அந்தத் தேனைக் கொடுத்துத்தான் மழைக்காலத்துக்கு அரிசியும் உப்பும் கொண்டுபோவார். என்னதான் ஆயிற்று என்று பார்க்க மலையேறினேன்.

மேட்டில் அவருடைய தேன்மரம். கிளையெல்லாம் அடை தொங்குகிறது. அடிமரத்தில் ஒரு கொடி. தமிழ்ப்பகுதி இதுவரை என்று காட்டப் போராட்டக்காரர்கள் கட்டிவிட்டுப் போனது.

"கொடி இருந்தா என்ன, ஏறி எடுக்கலாமே?" என்றேன்.

"கெட்டு கெடக்குல்லா," என்றார் மல்லன் காணி.

அவர் சொன்ன கட்டு எது என்று விசாரித்த பிறகுதான் விளங்கியது. காடு அவர்களுக்குப் பொது. ஒருவர் ஒரு மரத்தில் நார் கட்டிவிட்டால் அந்தப் பருவத்துக்கு அது அவர் பொறுப்பு, வேறு யாரும் தொடமாட்டார்கள். அந்த ஆண்டு மல்லன் காணி நாரோடு வருமுன் கொடி முந்திக்கொண்டது.

"இது நாரில்லியே, வெறும் துணியில்லா?"

"துணியானாலும் கெட்டு கெட்டாக்கும். கெட்டினவன் வந்து அவுக்கணும். மழைக்கு முன்ன வந்தா நல்லது."

மழை விழுந்தால் தேனீ தேனைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். நானே அவிழ்க்கிறேன் என்று கை நீட்டினேன். அவர் மனைவி காளி பார்த்த பார்வையில் நீட்டிய கை தானாக மடங்கிவிட்டது.

கட்டியது யார் என்று கேட்டுப் போனால், நம் செல்லையன்! பாறசாலையில் தையல்கடை வைத்திருந்த என் கூட்டாளி. கோஷம் போட்டே குரல் போனவன்.

"எலே, கொடிய அவுக்கச் சொல்லுதியா? ஆளுவ என்ன சொல்லுவினும்?" என்று பாய்ந்தான்.

மல்லன் காணி காத்திருப்பதைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டான். "நான் கெட்டினேன்னா தொடாம இருக்காவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மறுநாள் விடிந்ததும் எனக்கு முன்னால் நடந்தான்.

அவன் அவிழ்த்தான். புகை போட்டுத் தேன் இறக்கினார்கள். முதல் அடையை இலையில் வைத்து மல்லன் காணி அவனிடம் நீட்டினார். கட்டியவனுக்குப் பங்கு உண்டாம். சந்தி சந்தியாக 'இது எங்கள் மண்' என்று கூவியவன், குனிந்து இரண்டு கையாலும் இலையை வாங்கிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே எல்லைக்கோடு வந்தது. மரம் அந்தப் பக்கம், குடியிருப்பு இந்தப் பக்கம். சில வருடங்களுக்கு முன் மல்லன் காணியின் மகனைச் சந்தையில் பார்த்தேன். தேனெடுப்பு உண்டா என்று கேட்டேன்.

"எங்க? மரத்தில பலக அடிச்சு வச்சிருக்கு, ஏறப்பிடாதுண்ணு."

"அடிச்சவன்கிட்ட கேக்கலாமே?"

"அந்தப் பக்கத்து ஆப்பீசில போயி கேட்டோம். ஆரு அடிச்சதுண்ணு அங்க ஒருத்தருக்கும் தெரியல்ல," என்றார்.